பழமா, பள்ளமா?

லாரிக்காரர் தட்டின் மூடியைத் திறந்து உள்ளேயிருந்த சீட்டை எடுத்துப் படித்தார். பிறகு தன் சட்டைப் பையிலிருந்த காகிதத்தைப் பிரித்துப் பார்த்தார். "ஏம்மா, பதினேழாம் பேட்ச் ஸ்பிரிங்கைத்தானே திருப்பி ஏத்திக்கிட்டு வரச் சொன்னாங்க? இது பதினெட்டுல்ல போட்டிருக்கு?"

குடோன் அக்கா சிரித்தாள். "கண்ணாடிய மாட்டிக்கிட்டுப் பாருங்கண்ணே. செவப்பு அட்டை தொங்குது பாருங்க. செவப்பு அட்டை தொங்கினா அது கழிச்சுப் போட்ட சரக்கு. கழிச்சது பதினேழுதான்."

"அட்டை என்ன கலரா வேணா தொங்கட்டும்மா. சீட்டுல இருக்கிறதத்தானே நான் படிக்க முடியும்?"

அவள் சீட்டை வாங்கினாள். பதினெட்டு. இரண்டாவது தட்டைத் திறந்தாள், பதினெட்டு. அடியில் கிடந்த தட்டை உருவி மூடியைப் பிய்த்தாள். அங்கேயும் பதினெட்டு என்றுதான் இருந்தது. அவள் கையிலிருந்த மூடியைக் கீழே போட்டாள்.

போடாமல் என்ன செய்வாள்? அந்தத் தொழிற்சாலை செய்வது பொம்மைக் கார் இல்லை. லிஃப்டுக்கான அவசர பிரேக். கயிறு அறுந்தால் இரண்டு பக்கமும் தண்டவாளத்தைக் கவ்வி, ஆள் நிற்கும் கூண்டை அப்படியே அந்தரத்தில் பிடித்துக்கொள்ள வேண்டிய சாமான். ஒரு பிரேக்குக்கு நாலு ஸ்பிரிங். பதினேழாம் பேட்ச் ஸ்பிரிங்குகளுக்குச் சூட்டில் பதம் தவறிவிட்டது. பார்த்தால் அச்சு அசல் நல்ல ஸ்பிரிங். பாரம் ஏறினால் கொஞ்ச நேரம் தாங்கும், அப்புறம் பட்டென்று போய்விடும். சோதனையில் பத்தில் ஏழு போனது. அதனால்தான் சிவப்பு அட்டை, அதனால்தான் இந்த லாரி.

சிவப்பு அட்டையின் கீழே உட்கார்ந்திருப்பது நல்ல பதினெட்டு என்றால், கெட்ட பதினேழு எங்கே?

அவள் எதிர்வரிசைக்கு ஓடினாள். ள வரிசை, நாலாம் இடம். தட்டுகள் அடுக்கிய பேலட்டின் இந்தப் பக்கம் சுற்றிய பிளாஸ்டிக் மட்டும்தான் தெரிந்தது. ஒட்டியிருந்த சீட்டு சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. கையை நுழைத்து, கன்னம் இரும்பில் உரச எட்டிப் பார்த்தாள். பதினேழு. மேலடுக்கில் இரண்டு தட்டுகள் குறைந்திருந்தன.

இந்த ள, ழ கூத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு ஒன்றும் விளங்காது. மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தக் குடோனில் அடுக்கு என்று ஒன்றே கிடையாது. நட்டு ஒரு குவியல், போல்ட் ஒரு குவியல், எது எங்கே என்று கேட்டால் "அந்தா அங்க" என்று ஆளுக்கொரு திசையில் கை காட்டுவார்கள். ஒரு ஸ்பிரிங் தேட அரை நாள். கிடைக்காமல் புதிதாக வரவழைப்பார்கள், வந்த மறுநாள் பழையது சிரித்துக்கொண்டே வெளியே வரும். முதலாளிக்கோ ஆர்டர் மேல் ஆர்டர். இந்த அக்கா வந்துதான் ரேக் போட வைத்தாள், ஃபோர்க்லிஃப்ட் போகப் பாதை விட்டாள், எல்லோர் இடுப்பிலும் வாக்கி-டாக்கி மாட்டினாள். ரேக்குக்கு எண் கொடுத்தால் பேட்ச் எண்ணோடு குழம்புகிறது என்று எழுத்துக் கொடுத்தாள். க, ங, ச என்று மெய்யெழுத்து வரிசைப்படி. ங ரேக்கைக் கேட்டால் யாருக்கும் சொல்லவே வராது, "இந்தாங்க அந்த 'ங்' ரேக்கு" என்று மூக்கால் பேசுவார்கள். ஆனாலும் ஒரு ஸ்பிரிங் இரண்டு நிமிடத்தில் கைக்கு வந்தது. முதலாளி வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் அந்த ரேக்குகளைக் காட்டி மார்தட்டினார்.

ழ வரைக்கும் ஒரு வம்பும் இல்லை. பத்து நாளைக்கு முன்னால் ஆர்டர் இரட்டிப்பானது. ள, ற, ன என்று மூன்று ரேக் புதிதாக நின்றன. ழவுக்கு நேர் எதிரே ள. வாக்கியில் இரண்டும் ஒரே மாதிரி கேட்கும் என்று அக்காவுக்குத் தெரியாதா? அதற்கும் அவளே ஒரு விதி செய்தாள். யாராவது "ள" என்றாலும் "ழ" என்றாலும் மேசையில் இருப்பவர் "பழமா, பள்ளமா?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். பதில் வந்த பிறகுதான் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். நல்ல விதிதான். எல்லோரும் ஒழுங்காகக் கேட்டார்கள்.

ஒரே ஒரு ஆளிடம் மட்டும் கேட்பதில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கொழுந்தனிடம்.

அவள் கணவனின் தம்பி. இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். அவள் சொல்லித்தான் வேலைக்குச் சேர்த்தார்கள். வண்டியை ஓட்டினால் முட்டைக் கூடையைத் தூக்கி வைப்பதுபோல் வைப்பான். ஆனால் நாக்கில் ழ மட்டும் ஏறவே ஏறாது. பள்ளிக்கூடத்தில் பிரம்பு முறிந்ததுதான் மிச்சம். தொழிற்சாலையில் அவனுக்குப் பெயரே வாளப்பளம். புது விதி வந்த முதல் நாள் அக்கா வாக்கியில் "பழமா, பள்ளமா?" என்று கேட்க, அவன் "பளம்" என்றான். அவ்வளவுதான், பதினோரு வாக்கியிலும் கொல்லென்று சிரிப்பு. "எந்தப் பளம்? வாளப்பளமா, பலாப்பளமா?" அன்று மத்தியானம் அவன் யாரோடும் சேர்ந்து சாப்பிடவில்லை. அவளுக்கு மனசு கேட்கவில்லை. அதன் பிறகு அவனிடம் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவன் ள என்றால் ழ என்று இவளே புரிந்துகொண்டு ஏற்றிவிடுவாள். நம்ம பிள்ளையின் நாக்கு நமக்குத் தெரியாதா என்ற நினைப்பு.

போன வாரம் ஸ்பிரிங் வந்த அன்று அவன் வாக்கியில் சொன்னது அவளுக்கு ஒரு எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருந்தது. "அண்ணி, பதினேழு ள நாலுல வச்சிட்டேன். பதினெட்டு அதுக்கு நேர் எதிர்ல." அவள் புன்னகைத்துக்கொண்டே பதினேழு ழ-4 என்று தட்டினாள். எதிரே என்றால் ள-4, அங்கே பதினெட்டு. அன்றைக்கு அவன் நிஜமாகவே ளவைத்தான் சொல்லியிருந்தான்.

ள-4 ரேக்கின் காலைப் பிடித்துக்கொண்டு அவள் இதை நினைத்துப் பார்த்தபோது, பின்னாலிருந்து தரச் சோதனைக்காரர் கத்தினார். "யாரு பார்த்த வேலை இது? நான் கம்ப்யூட்டர்ல இருந்தபடி ழ நாலுலதான் அட்டைய மாட்டினேன்!" சீட்டைத் திருப்பிப் பார்த்தீரா ஐயா என்று அவரை யாரும் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் சொல்லிவிட்டால் அப்புறம் மனுஷனுக்குக் கண் எதற்கு!

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். கூட்டம் கூடியது. தரச் சோதனைக்காரர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். "வேற யாரு? எல்லாம் நம்ம வாளப்பளம்தான்! ழவ ளன்னு சொல்லிருப்பான், ளவ வேற என்னத்தையோ சொல்லிருப்பான். அக்கா பாவம், காதுல விழுந்தத ஏத்திருக்கும்."

அத்தனை தலையும் ஃபோர்க்லிஃப்ட் பக்கம் திரும்பியது. கொழுந்தன் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"நானா?" என்று கேட்டான். "நான் என்ன சொன்னேன்னு எனக்கே ஞாபகம் இல்லியே. என் நாக்குதான் சனியன் புடிச்ச நாக்காச்சே. அண்ணி, நான் தப்பா சொல்லிட்டனா?"

அவள் வாயைத் திறந்தாள். சத்தியமாகச் சொல்லத்தான் திறந்தாள். அதற்குள் முதலாளி, "அதெல்லாம் அப்புறம். ரெண்டு தட்டு எங்க போச்சு, அத மொதல்ல சொல்லு" என்றார். அவள் அதையே சாக்காக வைத்துக்கொண்டாள். அவரே போன மாதம்தான், அடுத்த தெருவில் இரண்டாவது குடோன் எடுக்கிறேன், அதற்கும் சேர்த்து நீதான் தலைவி என்று சொல்லியிருந்தார். அது அந்த நேரத்தில் அவள் நினைவுக்கு வரவே இல்லை என்று நான் சொன்னால் பொய்.

கம்ப்யூட்டரில் பார்த்தாள். பதினெட்டு என்று நம்பி பிரேக் கட்ட எடுத்துப் போயிருந்தார்கள். ஒரு தட்டுக்கு இருபது ஸ்பிரிங். இரண்டு தட்டு, நாற்பது ஸ்பிரிங், பத்து பிரேக். ஆறு பிரேக் கட்டி முடித்து அனுப்புகிற இடத்தில் இருந்தது. ஒருவன் ஓடிப் போய் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான், யாரும் தொடக்கூடாது என்று. மீதி நாலு காலை எட்டு மணி வண்டியில் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்கு. ஒரு லிஃப்டுக்கு இரண்டு வீதம், பக்கத்துப் பக்கத்து லிஃப்ட் இரண்டுக்கு. மாட்டப் போனவர் இவர்களுடைய ஃபிட்டர் அண்ணன்.

"பழைய கயிறயும் இன்னைக்கே மாத்தறேன்னு சொல்லிட்டுப் போனாரு" என்றார் தரச் சோதனைக்காரர். குரல் இறங்கிவிட்டது.

கயிற்றைக் கழற்றினால் கூண்டைத் தாங்கப் போவது எது? பாதுகாப்புக்கு ஒரு கப்பிச் சங்கிலி. அதற்கடுத்து பிரேக். அந்தக் கூண்டின் மேலே நின்றுதான் ஃபிட்டர் அண்ணன் வேலை செய்வார். மணி பத்தரை.

முதலாளி அவருக்கு போன் போட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. எடுக்க மாட்டார். ஒரு தடவை ஏழாம் மாடியிலிருந்து போன் விழுந்து நொறுங்கியதிலிருந்து பையில் போட்டுக் கீழே வைத்துவிட்டுத்தான் ஏறுவார். "நீ கிளம்பு" என்றார் முதலாளி அவளிடம். "ஓட்டறவன் வெளிய போயிருக்கான். வண்டிய..." என்று நாலு பக்கமும் பார்த்தார்.

"நான் ஓட்டறேன்" என்றான் கொழுந்தன்.

ஆஸ்பத்திரி ஊரின் அந்தக் கோடியில். வழியெல்லாம் சிக்னல். அவன் ஓட்டினான், அவள் போனைக் காதில் ஒட்டியபடி உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரி வரவேற்பில் ஒரு பெண் எடுத்தாள்.

"நோயாளி பேரு சொல்லுங்க."

"நோயாளி இல்லம்மா, லிஃப்ட். லிஃப்ட்ல வேலை செய்யறவர்கிட்ட உடனே பேசணும்."

"லிஃப்ட் வேலை நடக்குதுங்க. படிக்கட்டுல போங்க."

"ஐயோ, நான் அங்க வரவே இல்லம்மா! அவர் உயிருக்கு ஆபத்து. உடனே எறங்கச் சொல்லுங்க."

"ஆபத்துன்னா அவசரப் பிரிவுக்குப் போடறேன், இருங்க."

சங்கீதம் கேட்டது. அவசரப் பிரிவில் ஒருவர் எடுத்து, எத்தனை வயது, மூச்சு இருக்கிறதா என்று கேட்டார். அவள் அழாத குறை. கடைசியில் காவலாளி ஒருவரின் எண் கிடைத்தது. அவர் நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். "சொல்லிட்டேம்மா. உங்களுக்கு போன் வந்திருக்குன்னு கத்தினேன். வேலைய முடிச்சிட்டுப் பேசறேன்னு சொல்லிட்டாரு."

"போன்னு ஏங்க சொன்னீங்க? எறங்குன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"நான் சொல்லி அவர் எறங்குவாராம்மா? நீ யாருய்யா என்ன அதட்டறதுக்குன்னு கேக்கறாரு."

சிக்னல் விழுந்தது. கொழுந்தன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான். "அவருக்கு மூணு பொண்ணு அண்ணி" என்றான். "கடைசிப் பொண்ணுக்கு இப்பதான் காது குத்தினாங்க. நான் போயிருந்தேன்."

"ஒன்னும் ஆகாது. நீ ரோட்டப் பாரு."

"ஆச்சுன்னா? நான்தானே கொன்னவன்?"

இப்போது சொல்லியிருக்கலாம். இதைவிட நல்ல நேரம் வராது. அவளும் அவனும் மட்டும்தான் வண்டியில். ஆனால் மனுஷ மனசு இருக்கிறதே, அதைப்போல ஒரு வக்கீல் உலகத்தில் கிடையாது. வண்டி ஓட்டுகிறவனைக் கலக்கக் கூடாது என்றது. முதலில் ஃபிட்டரைக் காப்பாற்று என்றது. அப்புறம் ஆற அமரச் சொல்லிக்கொள்ளலாம் என்றது. அவள் அத்தனைக்கும் தலையாட்டினாள்.

அந்த நேரம் பார்த்து முதலாளி கூப்பிட்டார். அவள் பதற்றத்தில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள். "எங்க இருக்கீங்க? சீக்கிரம்! அப்புறம் ஒரு விஷயம், அந்த வாளப்பளத்துகிட்ட சொல்லிடு, நாளைலேர்ந்து வரவேண்டாம். இது வெளையாட்டு இல்ல. உன் சொந்தம்னுதான் இத்தன நாள் பொறுத்தேன்."

அவள் "சரிங்க" என்றாள். வேறு எதையோ சொல்லத்தான் நினைத்தாள். வாயில் வந்தது அதுதான்.

அடுத்த சிக்னலில் அவன் தன் போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டான். "வேலை போச்சு. என் தப்புதான். அம்மாகிட்டயும் சொல்லிடு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். பச்சை விழுந்ததும் ஒரு பஸ்ஸுக்கும் தண்ணி லாரிக்கும் நடுவில் நூல் பிடித்த மாதிரி வண்டியை நுழைத்தான்.

ஆஸ்பத்திரியில் ஐந்து மாடியும் படிக்கட்டு. அவளுக்கு மூன்றாம் மாடியிலேயே நெஞ்சு அடைத்தது, கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினாள். அவன் முன்னால் ஓடினான். ஐந்தாம் மாடியில் லிஃப்ட் கதவு திறந்திருந்தது, குறுக்கே ஒரு மஞ்சள் நாடா. எட்டிப் பார்த்தால் ஒரு ஆள் உயரம் கீழே கூண்டின் கூரை. அதன்மேல் ஃபிட்டர் அண்ணன் நின்று, புதுக் கயிற்றின் முனையை முடுக்கிக்கொண்டிருந்தார். வாயில் ஏதோ பாட்டு.

"அண்ணே!" என்று அவள் கத்தப் போனாள். கொழுந்தன் அவள் கையைப் பிடித்து அழுத்தினான். திடுக்கிட வைக்காதே என்று அர்த்தம்.

"அண்ணே" என்றான் அவன், டீ சாப்பிட வரீங்களா என்று கேட்கிற குரலில். "சங்கிலி போட்டிருக்கீங்களா?"

அவர் நிமிர்ந்தார். "அட, வாளப்பளம்! நீ எங்கடா இங்க? அக்காவும் வந்திருக்கா? என்ன, ஊர்கோலமா வந்திருக்கீங்க?"

"சங்கிலிண்ணே."

"போட்டிருந்தேன்டா. கயிறு உள்ள எறங்க எடைஞ்சலா இருந்துச்சு, இப்பதான் கழட்டினேன். அதான் பிரேக் கவ்விக்கிட்டு நிக்குதே, அதுவும் நம்ம பிரேக்." உள்ளங்காலால் கூரையைத் தட்டிக் காட்டினார்.

ஐந்து மாடி ஆழம் அந்த இருட்டுக்குள். பத்தில் ஏழு.

"தட்டாதீங்கண்ணே" என்றான் கொழுந்தன். "அசையாம நில்லுங்க. அந்த ஸ்பிரிங் கெட்ட பேட்ச். ஒன்னும் கேக்காதீங்க, அப்புறம் சொல்றேன்."

பாட்டு நின்றது. அவர் முகம் வெளுத்துப் போவதை அவள் மேலிருந்தே பார்த்தாள். சங்கிலி உச்சி உத்தரத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது, ஆனால் அவர் அதை ஓரமாக ஒதுக்கித் தண்டவாளத்தோடு கட்டியிருந்தார். எட்ட வேண்டுமானால் அவர் நாலடி நகர வேண்டும், கூரையின் ஒரு ஓரத்துக்கு. பாரம் ஒரு பக்கம் சாயும். கதவோரம் வரவைத்துத் தூக்கினாலும் அதே கதைதான்.

கொழுந்தன் நாடாவுக்குக் கீழே நுழைந்தான். "என் பெல்ட்டப் புடிங்க அண்ணி. விட்றாதீங்க." ஒரு கையால் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பாதி உடம்பைக் குழிக்குள் நீட்டினான். அவள் பெல்ட்டை இரண்டு கையாலும் பற்றி, காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு பின்னுக்குச் சாய்ந்தாள். காவலாளி ஓடிவந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டார், கூச்சம் பார்க்க அது நேரமில்லை. கொழுந்தனின் விரல் சங்கிலியைத் தொட்டது, நழுவியது, மறுபடி தொட்டது. கட்டை அவிழ்த்தான். கொக்கியை ஆட்டி விட்டான், ஃபிட்டர் அண்ணன் கையை மட்டும் நீட்டிப் பிடித்தார். குனிந்தார். கூரையின் வளையத்தில் கொக்கியை மாட்டினார்.

"இழுடா" என்றார். அவன் இழுத்தான். சங்கிலி கடகடவென்று ஏறி விறைத்தது.

அடியில் ஒரு சத்தம். கொட்டைப் பாக்கை உடைத்த மாதிரி, டக்கென்று. அடுத்த நொடி இன்னொன்று. கூண்டு ஒரு சாண் இறங்கி, சங்கிலியில் தொங்கி ஆடியது.

பிறகு கொழுந்தன் கையை நீட்டினான், காவலாளியும் நீட்டினார். ஃபிட்டர் அண்ணனை மேலே தூக்கிப் போட்டார்கள். அவர் வராண்டாத் தரையில் கொஞ்ச நேரம் குப்புறப் படுத்திருந்தார். எழுந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"கெட்ட பேட்ச் எப்படிடா என் கைக்கு வந்துச்சு? யாரு பார்த்த வேலை?"

"நான்தாண்ணே" என்றான் கொழுந்தன். "ரேக்க மாத்திச் சொல்லிட்டேன். என் நாக்கு..."

அவர் அறைந்தார். ஓங்கி, முழுக்கையால். சத்தம் வராண்டாக் கோடி வரை போனது. ஒரு நர்ஸ் நின்று திரும்பிப் பார்த்தாள். கொழுந்தன் தடுக்கவில்லை, கன்னத்தைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. சரி, நமக்கு வரவேண்டியதுதான் என்பதுபோல் நின்றான். மறுபடியும் ஃபிட்டர் கை ஓங்கினார்.

"அடிக்காதீங்கண்ணே!" அவள் நடுவில் புகுந்தாள். "அவன் சரியாத்தான் சொன்னான். ள நாலுன்னுதான் சொன்னான். நான்தான் ழன்னு மாத்தி ஏத்தினேன். அவனுக்கு ழ வராதேன்னு நானா நெனச்சுக்கிட்டேன், திருப்பிக் கேக்கல. அடிக்கணும்னா என்ன அடிங்க."

ஃபிட்டரின் கை அப்படியே இறங்கியது. அவர் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தார்.

கொழுந்தன் அவளையே பார்த்தான். "எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"காலையில. அந்த ரேக்கப் பாத்த உடனே."

"வண்டில வரும்போது?"

"தெரியும்."

"மொதலாளி வரவேண்டாம்னு சொன்னப்ப?"

"தெரியும், தம்பி."

"நான் ஒரு ஆளக் கொன்னுட்டேன்னு நெனச்சுக்கிட்டு அவ்ளோ தூரம் வண்டி ஓட்டினேன்." அவன் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குத் தாங்க எளிதாக இருந்திருக்கும். "நான் தப்பா சொன்னாலும் திருத்தறீங்க. சரியா சொன்னாலும் திருத்தறீங்க. நான் எதுக்கு அண்ணி வாயத் தெறக்கணும்?"

அவள் போனை எடுத்தாள். முதலாளியைக் கூப்பிட்டாள். ஆள் பத்திரம் என்றாள், நாலு பிரேக்கும் இங்கேதான் இருக்கிறது என்றாள், அதே மூச்சில் மீதியையும் சொன்னாள். அவர் "நீயா?" என்று ஒரு வார்த்தை கேட்டார். "நாளைக்குப் பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டார். இரண்டாவது குடோன் எங்கே போயிற்று என்று அவள் கேட்கத் தேவையில்லை.

போனை இறக்குவதற்குள் மறுபடி மணி அடித்தது. மாமியார்.

"ஏம்மா, சின்னவ இப்பதான் சொன்னா." மாமியாரின் குரல் படபடத்தது. "உன் முகத்துல கரியப் பூசிட்டானே பாவி! நீ கெஞ்சி வாங்கிக் குடுத்த வேலை. எனக்கு அப்பவே தெரியும், சொல்லு சரியில்லாதவனுக்கு இதெல்லாம் எதுக்குன்னு. நீ மனசுல வச்சுக்காதம்மா."

"அத்தை, அவன் சரியாத்தான் சொன்னான்."

"என்னது? இங்க மிக்ஸி ஓடுது, ஒன்னும் கேக்கல."

"அவன் மேல தப்பு இல்ல அத்தை."

"எது இல்ல? சத்தமா சொல்லும்மா."

வராண்டாவில் ஆள் சேர்ந்திருந்தது. நர்ஸ், காவலாளி, குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நின்ற ஒரு நோயாளி, சுவரோரம் ஃபிட்டர். எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். அவள் தொண்டையைச் செருமினாள்.

"அவன் சரியாத்தான் சொன்னான் அத்தை! நான்தான் தப்பா எழுதினேன்! தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன்! ஒரு ஆள் உயிரக் காப்பாத்தினதும் அவன்தான்!"

மிக்ஸி நின்றது. மாமியார் "போன அவன்கிட்டக் குடு" என்றாள்.

அவள் நீட்டினாள். அவன் வாங்குவானா என்று தெரியவில்லை. கன்னத்தில் ஐந்து விரலும் சிவப்பாக எழும்பியிருந்தது. வாங்கினான். அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, போனைக் காதில் வைத்தான்.

"அம்மா" என்றான். அதற்கு மேல் அவனுக்கு ஒரு எழுத்தும் வரவில்லை.